பாடத்திட்டத்தில் இல்லாத ‘ஆனால்’

‘சரியான இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடு’ என்று ஒரு கேள்வி. இரண்டு வாக்கியம், நடுவில் ஒரு கோடு, கீழே நான்கு சொல். நான்கில் ஒன்றுக்கான வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். பார்த்தால் பச்சைப்பிள்ளைக் கேள்வி. இதில் என்னய்யா சாதி, இதில் என்னய்யா அரசியல் என்று கேட்பவர்கள் கேட்கலாம். இருக்கிறது. அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு உண்மை, அந்தப் பக்கம் இன்னொரு உண்மை. இரண்டும் எந்த முறையில் சேர்கின்றன என்று சொல்லும் உரிமை யாருக்கு? ஊருக்கும் சேரிக்கும் நடக்கும் சண்டையே அதுதான்.

முதலில் இந்தக் கேள்விக்கு என்ன விலை என்று பார்த்துவிடுவோம். 2021 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயம், அதில் நூற்றுக்கு நாற்பது வாங்கியாக வேண்டும் என்றது. குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். இதில் 100 கேள்வியும் 150 மதிப்பெண்ணும் தமிழுக்கு. தமிழில் 60 வாங்காதவர் மறுபாதியில் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அது கணக்கில் வராது. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஒன்றரை மதிப்பெண் போனால் ஆயிரக்கணக்கானோருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் சனம் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறது. நம் பிள்ளைகள் பகலில் கழனி வேலை, சித்தாள் வேலை, துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற வேலை என்று அலைந்துவிட்டு, ராத்திரியில் வழிகாட்டி நூலைச் சுற்றுகிறார்கள். அரசு வேலை என்பது அவர்களுக்குச் சம்பளம் மட்டுமில்லை. ‘டேய்’ என்று கூப்பிடுகிற வாய் ‘சார்’ என்று கூப்பிட வேண்டிவரும் ஒரே வாசல். ஆகவே இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள நமக்கு வசதியில்லை.

இப்போது விசயத்துக்கு வருவோம். தமிழைக் கட்டாயமாக்கிய பிறகு தேர்வாணையம் வெளியிட்ட பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்தில் இணைப்புச் சொல்லுக்கு ஒரு வரி இருந்தது. அந்த வரியில் ஐந்து சொல்: எனவே, ஏனெனில், ஆகையால், அதனால், அதுபோல. தோழர்கள் இந்த ஐந்தையும் இன்னொரு முறை வாசிக்க வேண்டும். எனவே, ஆகையால், அதனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை. முன்னதிலிருந்து பின்னது விளைந்தது என்று சொல்பவை. ஏனெனில் என்பது அதையே திருப்பிப் போட்டது. அதுபோல என்பது முன்னால் போனவன் அடியில் அடிவைத்து நடப்பது. ஐந்து சொல்லிலும் ‘ஆனால்’ இல்லை. ‘எனினும்’ இல்லை. ‘இருந்தபோதிலும்’ இல்லை. ‘இல்லையேல்’ இல்லை.

வினாத்தாளில் இவை எப்போதாவது எட்டிப் பார்க்கலாம். நான் பேசுவது, ஒரு அரசு தனக்கு வரப்போகிற ஊழியருக்கு வேண்டிய இணைப்புச் சொற்கள் எவை என்று கேட்டு, உட்கார்ந்து யோசித்து, அச்சில் போட்ட வரிசையைப் பற்றி. மேலிருந்து ஆணை வந்தது, எனவே செய்தேன். முன்னவர் செய்தார், அதுபோல நானும் செய்தேன். இதற்கு அந்த ஐந்து சொல் தாராளமாகப் போதும். ஆணை வந்தது, ஆனால் அது நியாயமில்லை என்று எழுத ஒரு சொல்கூட அங்கே இல்லை. திட்டம் போட்டு விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டம் போடாமலேயே விட்டுப்போகிறது பாருங்கள், அதுதான் பழக்கம். எது நினைவுக்கு வருகிறது, எது வராமல் போகிறது என்பதில்தான் ஒரு சமூகம் யாருடைய மண்டையை வைத்து யோசிக்கிறது என்பது தெரியும்.

இந்த ஐந்து சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மாவட்டத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்த்துப் பார்க்கலாமா? சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. கோடு. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்து நின்று, போலீஸ் காவலோடு கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் இதே கதை. இந்தக் கோட்டில் எந்தச் சொல்லை வைப்பீர்கள்? ‘எனவே’ வைத்தால் பொய். ‘அதனால்’ வைத்தால் பொய். ‘அதுபோல’ வைத்தால் சிரிப்பு வரும். இன்னொன்று. தென்முடியனூர்க் கோயில் இந்து அறநிலையத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது, கோடு, அந்த ஊர் தலித் மக்கள் தலைமுறை தலைமுறையாக வெளியே நின்று கும்பிட்டார்கள். இங்கேயும் ‘ஆனால்’ இல்லாமல் வாக்கியம் நகராது. நம் வாழ்க்கையை இலக்கணப் பிழையில்லாமல் எழுத வேண்டுமென்றால் முதலில் வேண்டிய சொல் அது.

இந்தச் சொல்லை அண்ணல் அம்பேத்கர் எந்த இடத்தில் வைத்தார் என்பது ஞாபகம் இருக்க வேண்டும். 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அவர் கடைசியாகப் பேசியபோது, 1950 ஜனவரி 26 அன்று நாம் முரண்பாடுகளின் வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம் என்றார். அரசியலில் சமத்துவம் இருக்கும், ஆனால் சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் சமத்துவம் இருக்காது என்றார். சபை முழுக்க ‘எனவே நாம் சுதந்திர மக்கள்’ என்று பூரித்துக் கிடந்த நேரத்தில், சட்டத்தை எழுதிய கை ஒரு ‘ஆனால்’ போட்டது. அரசியல் சட்டத்தை விதி விதியாக மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு இந்த ‘ஆனால்’ பாடமாகச் சொல்லப்படுவதில்லை.

சரி, தமிழ் இலக்கணத்துக்குள் போவோம். இந்த இணைப்புச் சொற்களைப் பழைய இலக்கணக்காரர்கள் இடைச்சொல் என்ற கூட்டத்தில் சேர்ப்பார்கள். தொல்காப்பியத்தில் இடையியல் என்று தனி இயலே உண்டு, நன்னூலிலும் உண்டு. பெயரும் வினையும் முதலாளிகள். இடைச்சொல்லுக்குத் தனியாக நடக்கும் இயல்பு இல்லை, அவற்றை அண்டித்தான் நடக்கும் என்பது இலக்கணம். கேட்கும்போதே எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் அந்த அண்டிப் பிழைக்கிற சொல்லை எடுத்துவிட்டால் பெயரும் வினையும் தனித்தனிக் கல்லாகக் கிடக்கும். வாக்கியமும் இல்லை, வாதமும் இல்லை.

அந்த இடைச்சொல்லுக்குள்ளேயே சாதியை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்வார்கள். அதில் ஒன்று சிறப்பு. சிறப்பில் உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என்று இரண்டு. இழிவு சிறப்பும்மைக்கு வழிவழியாகத் தந்துவரும் எடுத்துக்காட்டில் ‘புலையனும்’ என்ற சொல் நிற்கிறது. உடம்பு எவ்வளவு இழிந்தது தெரியுமா, புலையனுக்கே வேண்டாததாம். ‘உம்’ என்ற ஒன்றரை எழுத்துக்குள் ஒரு சனத்தையே கடைசிப் படியில் நிறுத்திவிட்டு, இது வெறும் இலக்கணம் என்கிறார்கள். நான் முதுகலைத் தமிழ் படித்த வகுப்பில் இதை நடத்தியவருக்கு நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை. வகுப்பில் பாதிப்பேர் சேரியிலிருந்து போனவர்கள். தலை குனிந்து எழுதிக்கொண்டோம், தேர்விலும் எழுதினோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். நம்மை இழிவு என்று எழுதினால்தான் மதிப்பெண் என்பது எந்த ஊர் நியாயம்? ‘உம்’மை விளக்க உலகத்தில் வேறு எடுத்துக்காட்டே இல்லையா? இடைச்சொல்லில் சாதியைத் தேடுவது மயிர் பிளக்கிற வேலை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சாதிக்குப் பிடித்த இணைப்புச் சொல் ‘ஆகையால்’. இவன் வெட்டியான் வீட்டில் பிறந்தான், ஆகையால் இவன் வெட்டியான். இவன் கர்ணம் வீட்டில் பிறந்தான், ஆகையால் இவன் கர்ணம். இரண்டு வாக்கியமும் உண்மையாக இருக்கலாம், நடுவில் இருக்கிற சொல்தான் பொய். பிறப்புக்கும் தொழிலுக்கும் இடையில் காரணகாரியம் கிடையாது, அதிகாரம் ஒட்டவைத்த ஒட்டு அது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டுக் கர்ணம், மணியம் போன்ற பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கர்ணங்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்த இடத்துக்குத்தான் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 2018 முதல் அந்தத் தேர்வும் குரூப் 4க்குள் அடக்கம். அதாவது கிராமக் கணக்கை எழுதும் பேனாவைப் பிறப்பின் கையிலிருந்து பிடுங்கியது தேர்வு. ஒரு ‘ஆகையால்’ அங்கே உடைந்தது. இதனால்தான் ‘தேர்வே பார்ப்பனியம், தூக்கி எறியுங்கள்’ என்று மேடையில் முழங்கும் நம் தோழர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. எறிந்துவிட்டால் அந்த இடத்துக்கு சிபாரிசும் சாதிச் சங்கத்துக் கடிதமும் பணப்பெட்டியும் வரும். தேர்வு நமக்கு வேண்டும். வேண்டும் என்பதாலேயே அது யோக்கியமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

பொதுத் தேர்வு என்றாலே நியாயம் என்ற வாதத்தை நம் பாட்டன்மார் அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டார்கள். 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. தேர்வு எல்லோருக்கும் பொது, எனவே எல்லோருக்கும் நன்மை என்பது அவர்கள் தர்க்கம். அதே ஆண்டு ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்து நின்றார். சென்னையில் கூட்டம் போட்டு, 3,412 பேர் கையொப்பம் வாங்கி, 112 அடி நீளத்துக்கு ஒரு விண்ணப்பத்தை பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அந்த 112 அடியையும் ஒரே சொல்லாகச் சுருக்கினால் ‘ஆனால்’ என்றுதான் வரும். தேர்வு பொதுதான், ஆனால் பள்ளிக்கூடம் பொதுவா? தேர்வு பொதுதான், ஆனால் அதில் தேறி வந்து எங்கள் தலைமேல் உட்காரப் போகிறவன் யார்? சீனிவாசனார் தேர்வை எதிர்த்தார், நாம் இன்று தேர்வு வேண்டும் என்கிறோம். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. இட ஒதுக்கீடும் பள்ளிக்கூடமும் இல்லாத தேர்வு அது, போராடி இரண்டையும் பெற்ற பிறகு வந்த தேர்வு இது. எந்த ‘எனவே’வையும் கேள்வி கேட்காமல் விழுங்கக் கூடாது என்பதுதான் அவரிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ள வேண்டியது.

இன்றைக்கும் அதே ‘எனவே’ வேறு சட்டை போட்டு உலாத்துகிறது. இவர் இட ஒதுக்கீட்டில் வந்தவர், எனவே திறமை குறைந்தவர். அந்தப் பாடத்திட்டத்திலேயே ‘கூற்று, காரணம்: சரியா? தவறா?’ என்று இன்னொரு வரி இருந்தது. கூற்று சரி, காரணமும் சரி, ஆனால் இது அதற்கு விளக்கமாகாது என்று ஒரு விடை வரும் பாருங்கள், அந்த விடையைத் திறமை பேசுகிற அத்தனை பேர் நெற்றியிலும் ஒட்ட வேண்டும். இவர் இட ஒதுக்கீட்டில் வந்தது உண்மை, இந்த அலுவலகத்தில் கோப்பு நகராததும் உண்மை. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று எவன் சொன்னான்?

இனி நம் சனங்களுக்குத் தர்க்கம் வராது, அதனால்தான் இந்தக் கேள்விகளில் தடுமாறுகிறார்கள் என்ற கதைக்கு வருவோம். எங்கள் பக்கத்துக் கழனியில் கூலிக்குப் போகும் ஒரு பெண் இப்படிப் பேசுவார்: “நெல்லு அறுத்துப் போட்டு ஒரு மாசமாச்சு. ஆனா கூலி இன்னும் கைக்கு வரல. அதனால நாளைக்கு யாரும் கழனில எறங்கப் போறதில்ல. இல்லாங்காட்டி அடுத்த போகத்துக்கும் இதே கதைதான்.” நாலே வாக்கியம். ஒரு உண்மை, அதற்கு ஒரு முரண், அதிலிருந்து ஒரு முடிவு, முடிவை எடுக்காவிட்டால் வரும் விளைவு. எந்தத் தர்க்க நூல்காரனும் இதில் ஒரு ஓட்டை காட்ட முடியாது. எங்கே எந்த இணைப்பு வர வேண்டுமோ அங்கே அது கொக்கி போட்டதுபோல உட்கார்ந்திருக்கிறது. பட்டினியும் கூலியும் சண்டையும் சொல்லிக்கொடுத்த தர்க்கம்.

இந்தப் பெண்ணின் மகள் பள்ளிக்கூடத்தில் ‘இல்லாங்காட்டி’ என்று வாயைத் திறந்தால் என்ன நடக்கும்? வகுப்பு சிரிக்கும். இது சேரித்தமிழ், கொச்சை, உட்காரு என்பார்கள். அவள் சொன்னது ‘இல்லையேல்’ என்பதைத்தான் என்று ஒருவரும் சொல்வதில்லை. அம்மா தந்த தர்க்கத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போய், ‘ஆகையால்’ என்பதை அயல்மொழிச் சொல் மாதிரி அவள் மனப்பாடம் செய்கிறாள். கேள்வித்தாளில் மழை பெய்தது, ஏரி நிரம்பியது என்று இரண்டு வாக்கியம் தந்து, கீழே எனவே, ஆகையால், அதனால், ஏனெனில் என்று நாலு சொல் இருந்தால் என்ன செய்வாள்? இது வழிகாட்டி நூல்களின் தினுசில் நானே போட்ட கேள்வி. மூன்று விடை பொருந்துகிறது. ‘எனவே’ முடிபு கூறும், ‘அதனால்’ காரணம் சுட்டும் என்று பண்டிதர் நூலிழை வேறுபாடு காட்டுவார். அந்த நூலிழை யார் வீட்டுக் கூடத்தில் தினமும் புழங்குகிறதோ அந்தப் பிள்ளைக்கு ஒன்றரை மதிப்பெண். இங்கே சோதிக்கப்படுவது சிந்தனை இல்லை. எந்த வீட்டில் பேசி வளர்ந்தாய் என்று கேட்கிறார்கள். நேராகக் கேட்டால் சட்டம் பிடிக்கும் என்பதால் கோடு போட்டுக் கேட்கிறார்கள்.

அப்படியானால் எழுத்துத்தமிழே வேண்டாமா என்றால், வேண்டும். மனு எழுத வேண்டும், புகார் எழுத வேண்டும், ஆட்சியர் போட்ட உத்தரவில் ‘எனினும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நமக்கு வைத்திருக்கிற ஆப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘பட்டா வழங்கலாம், எனினும் தற்போது இயலாது’ என்று வரும் ஒரு கடிதத்தில் உயிர் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று தெரியாதவன் ஏமாந்துதான் போவான். ஆகவே இணைப்புச் சொல் நம் பிள்ளைகளுக்கு மற்ற எவரையும்விட அதிகமாக வேண்டும். அதைக் கொச்சையென்று அடித்துக் கற்றுத்தர வேண்டாம், அவர்கள் கொண்டுவந்திருப்பதோடு பக்கத்தில் வைத்துக் கற்றுத்தாருங்கள் என்கிறோம்.

செய்ய வேண்டியவை என்று எனக்குத் தோன்றுபவற்றைச் சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிந்ததும் ஆணையம் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிடுகிறது. ஏழு நாளுக்குள் சான்றோடு ஆட்சேபம் தெரிவிக்க வழி இருக்கிறது. தனியாக உட்கார்ந்து படிக்கும் சேரிப்பிள்ளைக்கு அந்த ஏழு நாளும் அடுத்த வேலை தேடுவதிலேயே போய்விடும். நம் இயக்கங்களில் தமிழ் படித்தவர்கள் இருக்கிறோம். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் உட்கார்ந்து, இரண்டு விடை பொருந்தும் இணைப்புச் சொல் கேள்விகளைப் பொறுக்கி எடுத்து ஆட்சேபம் போட வேண்டும். சுவரொட்டி ஒட்டுவதைப் போல இதுவும் இயக்க வேலைதான். இரண்டாவது, அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது ஆனால், எனினும், இல்லையேல் மூன்றும் அந்த வரிசையில் ஏற வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். மூன்றாவது, மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் வழிகாட்டி நூலின் மழையையும் ஏரியையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கூலி, பட்டா, சுடுகாட்டுப் பாதை, கோயில் வாசல் இவற்றை வாக்கியமாக்கி நடுவில் கோடு போடட்டும். பிள்ளைகள் தங்கள் பேச்சில் பதில் சொல்லட்டும், பிறகு அதற்கான எழுத்துச்சொல்லைப் பலகையில் எழுதுங்கள். ‘அதனால’ பக்கத்தில் ‘ஆகையால்’. ‘ஆனாலும்’ பக்கத்தில் ‘எனினும்’. ‘இல்லாங்காட்டி’ பக்கத்தில் ‘இல்லையேல்’. நான் வகுப்பெடுக்கும் இடத்தில் இப்படித்தான் செய்கிறோம். மனப்பாடம் தேவைப்படுவதில்லை. நான்காவது, இழிவு சிறப்பும்மைக்கு அந்தப் பழைய எடுத்துக்காட்டை நடத்தும் ஆசிரியர் எவராக இருந்தாலும் எழுந்து நின்று கேளுங்கள். இலக்கணம் மாறாது என்பார்கள். இலக்கணம் அப்படியே இருக்கட்டும், எடுத்துக்காட்டை மாற்று என்று சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் தேர்வறையில் கேட்ட சொல்லுக்கு வட்டம் போட்டு வேலைக்குப் போகட்டும். போய் நாற்காலியில் உட்கார்ந்து, மேலிருந்து வரும் கோப்பில் ஒரு பொய்யான ‘ஆகையால்’ தட்டுப்பட்டால் அதை அடித்துவிட்டு ‘ஆனால்’ என்று எழுதும் தைரியமும் அவர்களுக்கு வேண்டும். அதை ஆணையம் சோதிக்கப் போவதில்லை. அதைக் கற்றுத்தர வேண்டியது நாம்தான்.